ஹேரா கோபித்துக்கொண்டு போன பத்தொன்பது மாதங்கள்

தேவர்களின் அரசனான கணவன் ஜீயஸோடு சண்டை போட்டுக்கொண்டு தேவி ஹேரா யூபியாத் தீவுக்குப் போன நாளிலிருந்து பிளாட்டியா ஊரில் ஒரு குழந்தைகூடப் பிறக்கவில்லை. கருத்தரிப்பதில் எந்தக் குறையும் இல்லை, வெளியே வருவதுதான் நின்றுபோயிற்று. பிரசவம் அவளுடைய பொறுப்பு. அவள் பொறுப்பைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு போய்விட்டாள். முதல் மாதம் ஊரார் மருத்துவச்சியைத் திட்டினார்கள். இரண்டாம் மாதம் கிணற்றுத் தண்ணீரைச் சந்தேகப்பட்டார்கள். நான்காம் மாதம் தச்சர்களைக் கூப்பிட்டு வாசற்கதவுகளை அகலப்படுத்திக்கொண்டார்கள். ஒரு வருஷம் முடிந்தபோது ஐம்பத்து மூன்று பெண்கள் முதுகில் கைவைத்தபடி தெருவில் நடந்தார்கள். உள்ளே இருந்தவை வளர்வதை நிறுத்தவில்லை. பதினான்காம் மாதத்தில் அவை பேசத் தொடங்கின. துணி துவைக்கும் இடத்தில் ஒருத்தியின் வயிறு தண்ணீர் கேட்டது, சந்தையில் இன்னொருத்தியின் வயிறு பாலாடைக்கட்டி விற்கிறவனை ஏமாற்றுக்காரன் என்றது. ஒரு வாரம் எல்லோரும் ஆச்சரியப்பட்டார்கள், பிறகு பழகிவிட்டது. ஹேரா போனபோது நிறைமாதமாக இருந்த இரண்டு பெண்கள் மட்டும் அந்தக் குளிர்காலத்தைத் தாண்டவில்லை. அவர்களோடு சேர்ந்து உள்ளிருந்த குரல்களும் அடங்கின. எல்லா ஊரிலும் இதே கதிதான். தீப்ஸ்காரர்கள் மட்டும் தங்கள் ஊரில் பிரசவம் ஒழுங்காக நடப்பதாகச் சொல்லிக்கொண்டு, இரண்டு வயதுப் பிள்ளைகளைத் துணியில் இறுக்கிச் சுற்றி வழிப்போக்கர்களுக்குக் காட்டினார்கள். தீப்ஸ்காரர்கள் எப்போதும் அப்படித்தான்.

தச்சன் காபிசியாஸின் மனைவி ஆர்கிப்பாவுக்கு அது பத்தொன்பதாம் மாதம். காபிசியாஸ் கை தேர்ந்த வேலைக்காரன், அவன் மாட்டிய கதவு முப்பது வருஷத்துக்கு முனகாது. ஆனால் அவனைப்போல ஒரு சந்தேகப் பிராணியை அந்த நாட்டில் தேடிப் பிடிக்க முடியாது. ஆலிவ் வாங்கினால் மேலே இருப்பதையெல்லாம் தள்ளிவிட்டுக் கூடையின் அடியில் கையை விடுவான். யாராவது சும்மா சிரித்தால் தன் முதுகைத் தடவிப் பார்த்துக்கொள்வான். வீட்டை விட்டுக் கிளம்பும்போது கதவிடுக்கில் ஒரு தலைமயிரை வைத்துவிட்டுப் போவான். திரும்பி வந்ததும் அது இருக்கிறதா என்று பார்ப்பான், இருந்தால் அதே மயிர்தானா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பான். ஆர்கிப்பா வாயாடி. அழவேண்டிய இடத்திலும் சிரிக்கிறவள். ஒரு நாள் அவளே பத்துப் பன்னிரண்டு மயிரைப் பிடுங்கிக் கதவிடுக்கு முழுவதும் செருகி வைத்தாள். அவன் மூன்று நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

பத்தொன்பது மாதத்துக்கு முன்பு, கோடையின் உச்சத்தில், ஒரு பணக்காரன் வீட்டுக் கதவைச் செய்வதற்காக அவன் தீப்ஸுக்குப் போய்ப் பதினோரு நாள் தங்கினான். திரும்பி வந்தபோது மயிர் இருந்த இடத்தில் இருந்தது. ஆனால் கட்டிலுக்குப் பக்கத்தில் தரை ஈரமாக இருந்தது. அண்ணாந்து பார்த்தான், கூரையிலும் ஒரு ஈரத்திட்டு. ஊரில் இரண்டு மாதமாக ஒரு சொட்டு மழை இல்லை. கேட்டதற்கு ஆர்கிப்பா, "குடம் கவுந்துடுச்சு" என்றாள். குடம் மூலையில் கழுத்து வரை நிறைந்து நின்றது. கவிழ்ந்த குடம் எப்படி நிறைந்திருக்கும் என்று அவன் கேட்கவில்லை. ஜீயஸ் ஒரு முறை ஒரு பெண்ணிடம் மழையாகவே போனவன் என்பது ஆடு மேய்க்கிறவன் வரை எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. அந்த வாரம்தான் ஹேரா வீட்டை விட்டுக் கிளம்பினாள், சண்டை பிளாட்டியாவில் இருக்கிற ஒரு பெண்ணால்தான் வந்தது என்ற பேச்சும் அந்த வாரம்தான் கிளம்பிற்று. ஊரில் உள்ள ஆண்கள் எல்லோரும் விரல்விட்டு நாள் எண்ணினார்கள். மற்றவர்கள் எண்ணி முடித்துவிட்டு வேலைக்குப் போனார்கள், காபிசியாஸ் எண்ணிக்கொண்டே இருந்தான். ஆர்கிப்பாவின் வயிறு பெரிதாகப் பெரிதாக அந்த ஈரத்திட்டும் அவன் மனதில் பெரிதாகிக்கொண்டே போயிற்று. அவளைப் பிடிக்காமல் போயிருந்தால் அவனுக்கு வசதியாக இருந்திருக்கும். ஆனால் அவன் அவள்மீது உயிரையே வைத்திருந்தான்.

ஜீயஸின் குடும்பத்தைப் பற்றி ஊரில் யாருக்கும் நல்ல அபிப்பிராயம் கிடையாது. பாட்டனை அப்பன் அரிவாளால் கவிழ்த்தான். அந்த அப்பன் குரோனஸ், தன்னையும் ஒரு பிள்ளை கவிழ்ப்பான் என்ற பயத்தில் பிறந்த பிள்ளைகள் ஐந்தையும் விழுங்கினான். ஆறாவதாகப் பிறந்து தப்பித்த ஜீயஸ், அப்பனுக்கு வாந்தி மருந்து கொடுத்துக் கூடப்பிறந்தவர்களை வெளியே எடுத்தான், பிறகு அப்பனைப் பாதாளத்தில் தள்ளிக் கதவைச் சாத்தினான். முதல் மனைவி கர்ப்பமானபோது அவளை முழுசாக விழுங்கினான். ஹேரா இரண்டாவதாக வந்தவள் அல்ல, நடுவில் எத்தனையோ பேர். ஒரு முறை அவளும் ஜீயஸின் அண்ணன் பொசைடனும் மகள் அதீனாவும் சேர்ந்துகொண்டு அவனைத் தூக்கத்தில் கட்டிலோடு நூறு முடிச்சுப் போட்டுக் கட்டினார்கள். அவிழ்த்துக்கொண்டு எழுந்தவன், மனைவியின் காலில் கொல்லன் பட்டடைக் கற்களைக் கட்டி வானத்திலிருந்து தொங்கவிட்டான். அதற்குப் பிறகும் இருவரும் ஒரே மேசையில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். சமீபத்தில் இன்னொரு செய்தியும் வந்திருந்தது. அப்பனை மிஞ்சும் பிள்ளை ஒன்று எங்கோ ஒருத்தியின் வயிற்றில் வரப்போகிறது, ஜீயஸின் நாற்காலி அதோடு சரி என்று யாரோ அவன் காதில் போட்டுவிட்டார்கள். அது முதல் அவன் எந்தக் கர்ப்பிணியைக் கண்டாலும் முகத்தைப் பார்ப்பதில்லை, வயிற்றைத்தான் பார்ப்பான்.

பதினெட்டாம் மாதக் கடைசியில் ஒரு முற்பகலில் அவன் கித்தைரோன் மலையிறங்கி ஊருக்குள் நடந்து வந்தான். நல்ல உயரம், நரை கலந்த தாடி, முதல் மழை விழுந்த மண்ணின் வாசனை. அவன் கடந்துபோன வீடுகளில் வெண்கலப் பாத்திரங்கள் தாமாக முனகின, பால் திரிந்தது. ஊர்த்தலைவர் வாஸ்தியாஸ் பெரியவர்களைக் கூட்டினார். ஜீயஸ் கல்மேடையில் உட்கார்ந்து தன் யோசனையைச் சொன்னான். ஒரு மரப்பொம்மை செய்து, மணப்பெண்ணைப்போல உடுத்தி, முக்காடு போட்டு, மாட்டு வண்டியில் ஏற்ற வேண்டும். தான் வேறு கல்யாணம் செய்துகொள்ளப் போவதாக ஊர் ஊராக ஆள்விட்டுக் கூவச் சொல்ல வேண்டும். ஹேரா ஓடி வந்துவிடுவாள்.

"நேரா போய்க் கூப்பிட்டா என்னங்க?" என்று வாஸ்தியாஸ் பணிவாகக் கேட்டார்.

"நான் போனா நான் தோத்த மாதிரி. அவளா வந்தா அவ தோத்த மாதிரி. எங்க வீட்ல தோத்தவன் கதி என்னன்னு எங்க அப்பாவைப் போய்க் கேட்டுட்டு வா."

யாரும் போகத் தயாராக இல்லை. அப்போதுதான் பின்வரிசையில் இருந்து காபிசியாஸ், "இது நடக்காதுங்க" என்றான். எல்லோரும் திரும்பினார்கள். அவன் எழுந்து நின்றான்.

"கூவிச் சொன்னா அந்தம்மா நம்ப மாட்டாங்க. சந்தேகப்படுறவங்களுக்கு நேர்ல காட்டுறது எதுவும் கண்ணுல ஏறாது. மறைக்கணும். நல்லா மறைக்கணும், ஆனா ஓரத்துல கொஞ்சம் தெரியணும். வண்டியைப் பட்டப்பகல்ல முழுசா மூடி, யாரும் பாக்கக் கூடாதுன்னு ஓட்டுங்க. கேட்டா ஒண்ணுமில்லைன்னு சொல்லுங்க. அப்ப வருவாங்க, செருப்புக்கூடப் போடாம வருவாங்க."

"உனக்கு எப்படிடா இதெல்லாம் தெரியும்?" என்று ஜீயஸ் கேட்டான்.

"அவன் பொண்டாட்டியைக் கேளுங்க சாமி, கதை கதையாச் சொல்லுவா!" என்று யாரோ கூவினார்கள். கூட்டம் சிரித்தது. காபிசியாஸ் தன் முதுகைத் தடவிப் பார்த்துக்கொண்டான். ஆனால் அவன் சொன்னதில் இருந்த நியாயம் எல்லோருக்கும் பிடிபட்டது, பொம்மை செய்யும் வேலையும் அவன் தலையிலேயே விழுந்தது. வேலை முடிகிறவரை விருந்தாளியை அவன் வீட்டிலேயே தங்கவைப்பது என்றும் தீர்மானித்தார்கள். தன் அடிமடியிலேயே கைவைக்கிறார்களே என்று நினைத்துக்கொண்டே அவன் விருந்தாளிக்கு வழிகாட்டி முன்னால் நடந்தான்.

கடவுள் காரியத்துக்கு மரம் தேர்ந்தெடுப்பது அந்த ஊரில் மனிதர் வேலை இல்லை. கருவாலித் தோப்பில் வேகவைத்த இறைச்சித் துண்டுகளைப் பரப்பிவிட்டு ஒதுங்கி நிற்பார்கள். மற்றப் பறவைகளைக் கணக்கில் எடுப்பதில்லை. ஒரு காகம் வந்து துண்டைக் கவ்விக்கொண்டு எந்த மரத்தில் போய் உட்காருகிறதோ அந்த மரத்தை வெட்டுவார்கள். காபிசியாஸ் இறைச்சியை மூன்று பேரிடம் கொடுத்து முகரச் சொன்னான். தோப்பில் முன்பே யாராவது ஏதாவது கட்டி வைத்திருக்கிறார்களா என்று மரம் மரமாக ஏறிப் பார்த்தான். பிறகு ஜீயஸிடம் வந்து, காகம் முடிவெடுக்கும்வரை தன் எதிரில் உட்கார்ந்து இரண்டு கையையும் முழங்கால்மேல் வைத்திருக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டான். பறவை உருவம் எடுப்பவர்களை அருகில் வைத்துக்கொண்டு பறவையை நம்புவதற்கு அவன் தயாராக இல்லை. வாஸ்தியாஸுக்குப் பேயறைந்தது போல் ஆகிவிட்டது. ஜீயஸ் உட்கார்ந்து கைகளை முழங்கால்மேல் வைத்தான். காகம் வந்தது, துண்டைக் கவ்வியது, தோப்பின் ஓரத்தில் காபிசியாஸின் வீட்டுப் பக்கம் சாய்ந்திருந்த மரத்தில் போய் உட்கார்ந்தது. வெட்டிப் பார்த்தபோது மரத்தின் உள்பக்கம் இளஞ்சூடாக இருந்தது.

பொம்மைக்கு யாருடைய முகமும் இருக்கக் கூடாது என்று அவன் முதலிலேயே முடிவு செய்திருந்தான். ஹேரா முக்காட்டைக் கிழித்து மரத்தைப் பார்த்துச் சிரித்துவிடலாம். ஆனால் அந்த மரத்தின் முகம் ஊரில் ஒருத்தியின் முகமாக இருந்தால் சிரிப்பு அங்கேயே நின்றுவிடும். கணவன் தொட்ட பெண்களை அவள் என்ன செய்வாள் என்பது ஊரறிந்தது. ஒருத்தியை மாடாக்கி ஈயை ஏவிவிட்டாள், இன்னொருத்திக்கு ஒன்பது நாள் பிரசவ வலியைக் கொடுத்து ஒரு கைப்பிடி மண்ணில்கூடப் பெற்றெடுக்க இடம் இல்லாமல் ஓடவிட்டாள். ஆகவே வேலை முடிகிறவரை ஆர்கிப்பா தன் கண்ணிலேயே படக் கூடாது என்று சொல்லி அவளை மருத்துவச்சி திமோவின் வீட்டுக்கு அனுப்பினான். போகும்போது அவள், "ஆம்பளைங்க ரெண்டு பேரும் ஒத்துமையா இருங்க. கதவுல மயிர் வச்சுட்டுப் போகவா?" என்று கேட்டாள். வயிற்றுக்குள்ளிருந்து ஒரு சிரிப்பும் கேட்டது. ஜீயஸ் தலையைத் திருப்பி அந்த வயிற்றைப் பார்த்தான், அவள் தெருமுனை திரும்புகிறவரை பார்த்துக்கொண்டிருந்தான்.

ஒன்பது நாளில் வேலை முடிந்தது. ஒன்பதாம் நாள் மதியம் செய்தி சொல்ல வந்த திமோ பட்டறை வாசலில் நின்று, "இவ எப்ப இங்க வந்தா? இப்பத்தான அடுப்படியில விட்டுட்டு வந்தேன்" என்றாள். அவள் பொம்மையைத்தான் சொன்னாள். காபிசியாஸ் எட்டி நின்று பார்த்தான். நெற்றியும் மூக்கும் ஆர்கிப்பாவுடையவை, சிரிக்கப் போகும் முன் ஒரு பக்கம் மட்டும் மடிகிற உதடு ஆர்கிப்பாவுடையது. உடனே இழைப்புளியை எடுத்து முகம் முழுவதையும் சீவித் தள்ளினான். மறுநாள் காலையில் முகம் திரும்ப வந்திருந்தது. மறுபடி சீவினான், அவன் கை கழுவிவிட்டுத் திரும்புவதற்குள் வந்துவிட்டது. திமோ கொண்டுவந்த செய்தி வேறு அவனை உலுக்கிவிட்டது. உள்ளே பிள்ளை எழுந்து நிற்கப் பார்க்கிறது, ஆர்கிப்பாவுக்குச் சின்ன உடம்பு, இன்னும் பத்து நாள் தாங்கினால் பெரிது. வேறு மரம் வெட்ட நேரம் இல்லை. காபிசியாஸ் இழைப்புளியைப் போட்டுவிட்டு, முற்றத்தில் அத்திப்பழம் தின்றுகொண்டிருந்த ஜீயஸிடம் போனான்.

"இது உங்க வேலையா?"

"நான் தொடலை."

"நம்பச் சொல்றீங்களா?"

"நம்பாதே. என் வார்த்தையை நம்பினவங்க யாரும் உருப்பட்டதில்லை. ஒன்பது நாளா உளி உன் கையிலதான இருந்துச்சு? அந்தக் கையைக் கேளு."

"அப்ப என் பொண்டாட்டி வயித்தை ஏன் அப்படிப் பாக்குறீங்க?"

வீட்டிலிருந்த பாத்திரங்கள் முனகுவதை நிறுத்தின. ஜீயஸ் பழத்தைக் கீழே வைத்தான். "பயந்தான். வேற என்ன? எங்க தாத்தாவை எங்க அப்பா கவுத்தாரு, அவரை நான் கவுத்தேன். என்னைக் கவுக்கிறவன் எங்கயோ ஒரு வயித்துல இருக்கான்கிறாங்க. பத்தொன்பது மாசமா யாரும் பிறக்கலை. பத்தொன்பது மாசமாத்தான் நான் நிம்மதியாச் சாப்பிடுறேன்."

"அந்தம்மா திரும்பி வர்றதே உங்களுக்கு வேண்டாம், அப்படித்தான?"

"அவ இல்லாம வீடு வீடா இல்லை. அதுவும் நிஜந்தான்" என்று சொல்லிவிட்டு ஜீயஸ் மீண்டும் பழத்தை எடுத்துக்கொண்டான்.

கேட்க வேண்டிய கேள்வி இன்னொன்று இருந்தது. பத்தொன்பது மாதத்துக்கு முன்னால், மழையில்லாத கோடையில், இந்தக் கூரை வழியாக வந்தாயா? காபிசியாஸ் அதைக் கேட்கவில்லை. ஆமாம் என்றால் எப்படித் தாங்குவது என்று தெரியவில்லை. இல்லை என்றால் அதை நம்பப் போவதில்லை என்பது நிச்சயமாகத் தெரிந்தது. அவன் உள்ளே போய்ப் பொம்மைக்கு முக்காட்டைப் போட்டு, கழுத்தைச் சுற்றி இரட்டைத் தையல் போட்டான்.

திமோவின் தங்கை யூபியாவில் வாழ்க்கைப்பட்டிருந்தாள். காபிசியாஸ் திமோவைக் கூப்பிட்டு, பெரியவருக்குக் கல்யாணம் நடக்கப் போகிறது, இது உயிரே போனாலும் யாருக்கும் தெரியக் கூடாது என்று சொல்லி மூன்று முறை சத்தியம் வாங்கிக்கொண்டான். அன்று மாலையே செய்தி தீவுக்குப் படகேறியது. ஐந்தாம் நாள் உச்சிவெயிலில், தடித்த கம்பளியால் நாலு பக்கமும் மூடிய மாட்டு வண்டி தோப்பை நோக்கிக் கிளம்பியது. ஜீயஸ் புது ஆடை உடுத்தி வண்டிக்கு முன்னால் நடந்தான். பார்க்காதீர்கள், வீட்டுக்குள் போங்கள் என்று வாஸ்தியாஸ் இருபக்கமும் விரட்டிக்கொண்டே போனார், ஆகவே ஊர் முழுவதும் தெருவில் திரண்டது. பாதி வழியில் மாடுகள் நின்றுவிட்டன. ஊரில் உள்ள எல்லா மாடுகளும், கொட்டிலில் இருந்தவையும் மேய்ச்சலில் இருந்தவையும், ஒரே நேரத்தில் கிழக்கே முகத்தைத் திருப்பின. ஹேரா வந்துகொண்டிருந்தாள். காலில் செருப்பு இல்லை, முழங்கால் வரை புழுதி. அவளுக்குப் பின்னால் ஐம்பத்தொரு கர்ப்பிணிகளும் மூச்சிரைக்க நடந்து வந்தார்கள். ஆர்கிப்பாவைத் திமோ தாங்கிப் பிடித்திருந்தாள்.

ஹேரா கம்பளியை ஒரே இழுப்பில் உரித்தாள், முக்காட்டை இரட்டைத் தையலோடு சேர்த்துக் கிழித்தாள், உள்ளே இருந்ததை அறையக் கையை ஓங்கினாள். கை மரத்தில் பட்டு டக்கென்றது. ஒரு நிமிஷம் அவளுக்குப் புரியவில்லை. இன்னொரு முறை தட்டிப் பார்த்தாள். பிறகு சிரித்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, வண்டிச் சக்கரத்தில் சாய்ந்துகொண்டு சிரித்தாள். "மரமா? மரக்கட்டையவா கட்டிக்கப் போனீங்க? உங்களுக்கு அதுதான் லாயக்கு!" ஜீயஸும் சிரித்தான், கூட்டமும் சிரித்தது. காபிசியாஸ் மட்டும் சிரிக்கவில்லை. அவன் அவள் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தான். அந்தக் கண் பொம்மையின் முகத்துக்குத் திரும்புவதையும், அங்கே நிற்பதையும், பிறகு கூட்டத்துக்குள் போய் ஒவ்வொரு முகமாகக் கடந்து ஆர்கிப்பாவிடம் வந்து நிற்பதையும் பார்த்தான். சிரிப்பு ஒவ்வொரு பக்கமாக அடங்கியது.

"இதை யாரு செஞ்சது?"

"நான்தான் தாயி."

"இது யாரு முகம்?"

"என் பொண்டாட்டி முகம். வேற முகந்தான் செய்ய நினைச்சேன். கைக்கு வேற முகம் தெரியலை."

ஹேரா பக்கத்தில் வந்தாள். "அவ வயித்துல இருக்கிறது யாரு பிள்ளை?"

ஜீயஸ் மலையைப் பார்த்துக்கொண்டிருந்தான். என் பிள்ளைதான், தலைமேல் அடித்துச் சத்தியம் என்று காபிசியாஸ் சொல்லிவிடலாம். ஆனால் அவன் தன் வாழ்நாளில் சட்டென்று சத்தியம் செய்தவன் ஒருவனையும் நம்பியதில்லை. எதிரில் நிற்பவளும் நம்பமாட்டாள் என்று அவனுக்குத் தெரிந்தது. ஆர்கிப்பாவின் முகம் வேர்த்து வெளுத்திருந்தது. அவள் செத்துவிடுவாளோ என்ற பயம் வந்தபோது மற்றப் பயங்களெல்லாம் சின்னதாகத் தெரிந்தன. அவன் பத்தொன்பது மாதமாக யாரிடமும் சொல்லாததை ஊர் முழுவதும் கேட்கச் சொன்னான். தீப்ஸுக்குப் போனதைச் சொன்னான், ஈரத்தைச் சொன்னான், கூரையைச் சொன்னான், நிறைந்திருந்த குடத்தைச் சொன்னான்.

"எனக்குத் தெரியாது தாயி. தினம் காலையில எந்திரிச்சதும் அதைத்தான் நினைக்கிறேன், ஒரு நாளும் தெரிஞ்சதில்லை. இனியும் தெரியப்போறதில்லை. ஆனா பிறந்தா நான்தான் தூக்கிக்குவேன். அவ செத்துட்டா சந்தேகப்படக்கூட எனக்கு ஆள் இல்லை."

திமோவின் தோளைப் பிடித்துக்கொண்டு ஆர்கிப்பா நிமிர்ந்தாள். "அட, பத்தொன்பது மாசமா இதுதானா? குடம் உடைஞ்சு போச்சுங்க! உங்க அம்மா குடுத்த குடம். சொன்னா ஒரு வாரம் விசாரிப்பீங்கன்னுதான் அதே மாதிரி ஒண்ணை வாங்கி ரொப்பி வச்சேன். கூரை ஈரம் எனக்குத் தெரியாது. நான் என்ன கூரை மேலயா படுத்திருந்தேன்?" வயிற்றுக்குள்ளிருந்து தெளிவாக ஒரு குரல், "கத்தாத" என்றது.

ஹேரா ஆர்கிப்பா சொன்னதை நம்பவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. காபிசியாஸும் முழுசாக நம்பவில்லை, அதுவும் தெரிந்தது. கடைசியில் அவள் அவனைப் பார்த்து, "உனக்கும் இதே வியாதிதானா?" என்றாள். குரலில் கோபம் இல்லை, களைப்பு இருந்தது. "தூங்குறியா?"

"எப்பவாவது தாயி."

"நானும் அப்படித்தான்" என்றாள். பிறகு வண்டியைக் காட்டி, "இதைக் கொளுத்துங்க" என்றாள். வெறும் மரம்தானே என்று ஜீயஸ் முணுமுணுத்தான். "மரமா இருந்தாலுந்தான். உங்களுக்குன்னு உடுத்தி நின்னுச்சுல்ல?" என்று சொல்லிவிட்டுத் தானே ஒரு கொள்ளியை எடுத்து வைத்தாள். கருவாலி நன்றாகப் பிடித்துக்கொண்டது. பற்றும்போது முகம் கடைசிவரை ஒரு பக்க உதட்டை மடித்தபடியே இருந்தது. அது கரியாகி விழுந்த கணத்தில் ஹேரா இடுப்பு முடிச்சை அவிழ்த்தாள், ஆர்கிப்பா உட்பட ஐம்பத்தொரு பெண்களுக்கும் ஒரே நேரத்தில் வலி எடுத்தது.

பொழுது சாய்வதற்குள் தோப்பில் ஐம்பத்தொரு பிள்ளைகள் பிறந்தன. எல்லாவற்றுக்கும் பல் இருந்தது. சில தாமாக எழுந்து நின்று உடம்பைத் துடைத்துக்கொண்டன. பெண்கள் யாரும் சாகவில்லை. ஆர்கிப்பாவின் பிள்ளை ஆண். திமோ கையில் ஏந்தியதும் அவன் அழாமல் சுற்றி நின்றவர்களை ஒவ்வொருவராகப் பார்த்துவிட்டு, "இவங்கல்லாம் யாரு? எதுக்கு வந்திருக்காங்க?" என்று கேட்டான். ஆர்கிப்பா இருந்த வலியிலும் சிரித்துவிட்டாள். "இதுக்கு மேல என்ன சாட்சி வேணும் உங்களுக்கு?" என்று கணவனைக் கேட்டாள். கேட்டுக்கொண்டே வந்து எட்டிப் பார்த்த ஜீயஸை மட்டும் பிள்ளை மற்றவர்களைவிடச் சற்று அதிக நேரம் பார்த்தான். ஜீயஸ்தான் முதலில் கண்ணைத் தாழ்த்திக்கொண்டான். கொஞ்ச நேரத்தில் அவனும் ஹேராவும் மலையேறிப் போய்விட்டார்கள். வழியெல்லாம் சண்டை போட்டுக்கொண்டே போனதாக இடையர்கள் சொன்னார்கள். சில வருஷத்துக்கு ஒரு முறை ஹேராவின் சந்தேகம் திரும்ப வரும் என்று ஊருக்குத் தெரிந்திருந்தது. ஆகவே அது வருவதற்கு முன்பே காகத்துக்கு இறைச்சி வைத்து, மரம் வெட்டி, மணப்பெண் செய்து, மலையில் கொண்டுபோய் எரித்துவிடுவது வழக்கமாயிற்று. தீப்ஸ்காரர்கள் அதையும் தாங்கள்தான் தொடங்கியதாகச் சொல்வார்கள்.

பிறந்த ஐந்தாம் நாள் அப்பன் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வீட்டு அடுப்பைச் சுற்றி ஓட வேண்டும். அப்படி ஓடிவிட்டால் பிள்ளை அந்த வீட்டுப் பிள்ளை, அதற்குப் பிறகு யாரும் வாய் திறக்க முடியாது. ஓட மறுக்கவும் அப்பனுக்கு உரிமை உண்டு, மறுத்தவர்களும் ஊரில் இருந்தார்கள். ஆகவே அன்று காபிசியாஸின் வீட்டில் கூட்டம் அதிகமாகவே இருந்தது. அவன் சட்டையைக் களைந்துவிட்டு அடுப்பின் பக்கத்தில் வந்து குனிந்தான். பத்தொன்பது மாதம் வளர்ந்த பிள்ளை, கனமும் அதற்கேற்றபடி இருந்தது. தூக்கி இரண்டடி வைப்பதற்குள் பிள்ளை நழுவி இறங்கித் தானே ஓட ஆரம்பித்தான். ஒரு சுற்று ஓடினான், இரண்டாவது சுற்றில் சிரித்தான். சிரித்தபோது மேகம் இல்லாத வானத்தில், சரியாக அந்தக் கூரைக்கு மேலே மட்டும், இடி ஒன்று உருண்டது. அலமாரியில் பாத்திரங்கள் முனகின. கூட்டம் காபிசியாஸின் முகத்தைப் பார்த்தது, பக்கத்து வீட்டுக்காரி மட்டும் காயப்போட்ட துணியை எடுக்க ஓடினாள். காபிசியாஸ் அண்ணாந்து கூரையைப் பார்த்தான். "மேல என்ன பாக்குறீங்க, பிள்ளையைப் பிடிங்க, நெருப்புல விழுந்துடப் போறான்!" என்று ஆர்கிப்பா கத்தினாள். அவன் கூரையை விட்டுவிட்டு, இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு, பிள்ளைக்குப் பின்னால் அடுப்பைச் சுற்றி ஓடினான்.